உருண்டையில் நிற்பவள்

அத்தான் கதவைத் திறந்தபோது அவர் கையில் பெட்டி ஒட்டுகிற டேப் சுருள் இருந்தது. முகத்தில் நாலைந்து நாள் தாடி. "வா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, நான் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளே திரும்பிவிட்டார். வழக்கமாக வாசலிலேயே நிறுத்தி வைத்து, "வாலு, இன்னிக்கு யாரு உயிரை வாங்கிட்டு வந்தே?" என்று வம்புக்கு இழுக்கிற மனுஷர். வாலு என்பது அக்கா எனக்கு வைத்த பெயர். அவளைக் கட்டிக்கொண்டதும் அத்தானும் அதையே பிடித்துக்கொண்டார்.

வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். சுவரில் படம் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் சதுரம் சதுரமாகப் பளிச்சென்று தெரிந்தன. சாப்பாட்டு மேசைமேல் ஒரே ஒரு தட்டும் ஒரே ஒரு தம்ளரும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"எப்ப காலி பண்றீங்க?"

"மாசக் கடைசிக்குள்ள. யாரும் போகச் சொல்லல. என்னாலதான் இங்க இருக்க முடியல."

"முன்னறை?"

"அதை மட்டும் தொடல. நீ வந்து எடுக்கணும்னு அப்படியே வெச்சிருக்கேன். சாமான் எல்லாம் உங்க ரெண்டு பேரோடதுதானே."

நடைவழியின் ஓரத்தில் முன்னறைக் கதவு சாத்தியிருந்தது. நான் வந்ததே அதற்காகத்தான்.

அக்காவும் நானும் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதிவந்தோம். சேர்ந்து என்றால், அவள் படம் எடுப்பாள், நான் நிரல் எழுதுவேன், இருவரும் சண்டை போடுவோம். நம் கண்ணுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. மத்தியான வெயில் அடிக்கிற ஜன்னலையும் கட்டிலுக்கடியில் கிடக்கிற செருப்பையும் ஒரே பார்வையில் பார்த்துவிடும். கேமராவுக்கு அது வராது. ஜன்னலைச் சரியாக எடுத்தால் அறை கரியாகிவிடும், அறையைச் சரியாக எடுத்தால் ஜன்னல் வெளுத்துப் போகும். அதனால் கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தி, மிக இருட்டான படத்தில் தொடங்கி மிக வெளிச்சமான படம் வரைக்கும் வரிசையாக எடுப்பார்கள். அத்தனையையும் சேர்த்து, அந்த இடத்தில் உண்மையில் இருந்த வெளிச்சத்தை ஒரே கோப்பில் அடைப்பதுதான் எங்கள் மென்பொருளின் வேலை. காசு கிடையாது. நிரலும் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், திட்டலாம். திட்டுகிறவர்கள்தான் அதிகம்.

மென்பொருளோடு அக்கா பிடித்துக் கொடுத்த அறைகளையும் இலவசமாகத் தந்துகொண்டிருந்தோம். தோட்டத்தில் அழகுக்கு வைப்பார்களே, பளபளவென்று ஒரு எஃகு உருண்டை, அதில் ஒன்றை வாங்கி வந்து ஒரு கம்பிமேல் பொருத்தி வைத்திருந்தாள். அறையின் நடுவில் அதை நிறுத்திப் படம் எடுத்தால், சுவர், கூரை, ஜன்னல், விளக்கு எல்லாம் உருண்டைக்குள் வளைந்து வந்துவிடும். அதைக் கணினியில் பிரித்து விரித்தால் அறையின் மொத்த வெளிச்சமும் கைக்கு வரும். எங்கோ உட்கார்ந்து ஒருவர் கணினியில் ஒரு நாற்காலியை வரைந்து அந்த வெளிச்சத்துக்குள் வைத்தால், அது அந்த அறையிலேயே கிடக்கிற நாற்காலி என்று சத்தியம் செய்யலாம்.

இதில் ஒரே ஒரு தொல்லை. உருண்டைக்குள் அறை தெரிகிற மாதிரியே, நட்ட நடுவில் படம் எடுக்கிறவளும் தெரிவாள். அவளை நீக்க ஒரு வழி இருக்கிறது. முதல் வரிசை முடிந்ததும் கேமராவைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி இன்னொரு வரிசை எடுக்க வேண்டும். முதலில் அவள் நின்ற இடம் இந்த இரண்டாவது வரிசையில் காலியாகத் தெரியும். அந்தக் காலி இடத்தை வெட்டி, முதல் வரிசையில் அவள்மேல் ஒட்டிவிட்டால் முடிந்தது. ஒட்டுவது என் வேலை.

"எப்படியும் நீ அழிக்கத்தானே போறே," என்பாள் அக்கா. "அதுக்கு எதுக்கு நான் ஒழுங்கா நிக்கணும்?"

அதனால் ஒவ்வொரு அறையிலும் எனக்காக ஒரு சேட்டை செய்து வைப்பாள். நூலகத்தில் தலைமேல் தடிப்புத்தகத்தைச் சுமந்துகொண்டு நின்றாள். கார் நிறுத்துமிடத்தில் கையை மடக்கிப் பயில்வான் மாதிரி புஜம் காட்டினாள். மாடிப்படியில் ஒற்றைக் காலில் நின்றாள். உலகத்தில் நான் ஒருத்தி மட்டும் பார்க்கிற படங்கள். பார்த்துத் தனியாகச் சிரித்துவிட்டு, மேலே அலமாரியையோ சுவரையோ ஒட்டி அவளை அழித்துவிடுவேன். மூலப் படங்கள் இடத்தை அடைக்கும் என்று அவற்றையும் தூக்கிவிடுவேன். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் எனக்கு. எத்தனை அக்காக்களை அழித்தேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

அடுத்த பதிப்போடு தன் சொந்த வீட்டு முன்னறையைக் கொடுக்கப்போவதாக வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சில வாரங்களுக்கு முன் ஒரு மத்தியானம் முதல் வரிசையை எடுத்தாள். இரண்டாவதை எடுக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது. வேலையிலிருந்து திரும்பிய அத்தான் முன்னறைக் கதவைத் தள்ளியபோது அது பாதிக்குமேல் திறக்கவில்லை. உள்ளே அவள் கதவை ஒட்டி விழுந்து கிடந்தாள்.

அந்த முதல் வரிசை இன்னும் கேமராவிலேயே இருந்தது. அதில் அக்கா எனக்காக ஏதோ ஒரு சேட்டை செய்திருக்கிறாள். நான் அழிக்காமல் மிச்சம் இருக்கிற ஒரே அக்கா. அவளைப் பார்க்க வேண்டும், அறை காலியாவதற்குள் அவள் பாதியில் விட்ட வேலையை முடித்துவைக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அத்தான் கதவைத் திறந்துவிட்டு நிலைக்கு வெளியே நின்றுகொண்டார்.

எதிரே அறையின் நடுவில் உருண்டை. கதவுக்குப் பக்கத்தில், புத்தக அலமாரிக்கு முன்னால், ட்ரைபாடில் கேமரா. இடப்பக்கச் சுவர் முழுக்க ஜன்னல். மத்தியான வெயில் தரையில் பாய் விரித்த மாதிரி கிடந்தது. அடைத்துக் கிடந்த அறையில் தூசு வாசனை வரும் என்று நினைத்திருந்தேன்.

ஸ்பிரிட் வாசனை வந்தது.

படம் எடுப்பதற்கு முன் அக்கா ஒரு துணியில் ஸ்பிரிட் தொட்டு உருண்டையைத் துடைப்பாள். ஒரு விரல் ரேகை இருந்தாலும் அது படத்தில் மேகம் மாதிரி விழும். துடைத்த கையோடு வந்து என் மூக்கில் தேய்ப்பாள். அதே வாசனை.

கேமராவைத் தொட்டேன். விரலில் தூசு அப்பிக்கொண்டது. அலமாரியில் தூசு. நாற்காலியில் தூசு. உருண்டை மட்டும் பளபளவென்று இருந்தது.

"உருண்டையை நீங்க துடைச்சீங்களா அத்தான்?"

"நான் உள்ளயே போறதில்லம்மா. மத்தியானம் வீட்ல இருந்தா இங்க வெளில ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்குவேன். வெயில் உள்ள வர்றதைப் பாத்துட்டிருப்பேன். அவ்வளவுதான்."

எஃகில் தூசு நிற்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிற்கும். எனக்குத் தெரியும்.

"ஒரே ஒரு தடவை போனேன்," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டே. "எல்லாம் முடிஞ்சு, வந்தவங்க போனப்புறம். கேமரால ஒரு பட்டனை அமுக்கினேன். கடைசியா எடுத்த படம் வந்துது. உடனே சார்ஜ் போயிருச்சு."

"என்ன சேட்டைன்னு சொல்லாதீங்க. நானே பாக்கணும்."

"சொல்லல. ஆனா நல்லா இருந்தா வாலு. கடைசிப் படத்துல நல்லா நின்னுட்டிருந்தா." அவர் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. "அப்படின்னா எல்லாத்தையும் எடுத்து முடிச்சப்புறம்தானே விழுந்திருக்கா? ஒரு நொடில போயிருக்கும், வலியே தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டரும் சொன்னாரு. நான் வந்து கதவைத் தள்றேன், திறக்கல, திட்டிக்கிட்டே தள்றேன்... அதை நினைச்சா பைத்தியம் பிடிக்குது. அந்த ஒரு படத்தை நினைச்சுக்கிட்டுதான் தூங்கறேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டேப்பின் பசை என் கையிலும் ஒட்டியது.

கேமராவுக்குப் புது பேட்டரி போட்டேன். படங்கள் பதிந்திருந்த அக்காவின் மெமரி கார்டைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்து, வேறொரு கார்டைச் செருகினேன். ட்ரைபாடை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பதால் அத்தான் சமையலறைக்குப் போனார். கதவைச் சாத்தினேன்.

உருண்டைக்குள் குனிந்து பார்த்தேன். நடுவில் பெரிய மூக்கோடு நான். ஓரத்தில் வளைந்துபோன கதவு, வளைந்துபோன அலமாரி, அதற்கு முன்னால் கொஞ்சம் காலித் தரை. அக்கா நின்ற இடம். யாரும் இல்லை.

ஒரு தடவை அமுக்கினால் போதும். கேமரா நடுநடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு வரிசை முழுவதையும் தானே எடுக்கும். முதல் படங்கள் கண் சிமிட்டுகிற நேரம்தான். போகப்போக நீளும். கடைசிப் படத்துக்கு ஷட்டர் நெடுநேரம் திறந்தே இருக்கும். அதுவரை அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். எவ்வளவு அடக்கினாலும் கடைசிப் படத்தில் அவள் உருவம் கொஞ்சம் கலங்கித்தான் விழும். உயிருள்ள உடம்பு அத்தனை நேரம் ஆடாமல் நிற்காது. ஷட்டர் மூடியதும் "ப்பூ..." என்று பெரிதாக மூச்சை விடுவாள். அந்தச் சத்தத்தைப் போனிலேயே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

அமுக்கினேன்.

டக்.

சமையலறையில் அத்தான் டேப்பை இழுக்கிற சத்தம் கேட்டது. தட்டுகள் ஒன்றோடொன்று உரசின.

டக்... டக்.

நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவள் செய்வாள், அதனால் செய்தேன். ஸ்பிரிட் வாசனை கூடியிருந்தது. மூக்கின் நுனி சில்லென்று இருந்தது, யாரோ ஈரத்துணியால் தொட்ட மாதிரி.

டக்.

டேப் சத்தம் நின்றுவிட்டது. தெருச் சத்தமும் நின்றுவிட்டது.

கடைசிப் படம். ஷட்டர் திறந்தது. திறந்தே இருந்தது. எனக்கு வலப்பக்கம் கதவு. அங்கே திரும்பிப் பார்க்கத் தோன்றியது. திரும்பினால் படத்தில் நான் கலங்குவேன் என்று காரணம் சொல்லிக்கொண்டு திரும்பாமல் நின்றேன். உண்மைக் காரணம் அது இல்லை. கழுத்து வியர்த்திருந்தது.

டக்.

"ப்பூ..."

நான் இன்னும் மூச்சை விடவில்லை.

அலமாரிக்கு முன்னால் வெறும் தரைதான் இருந்தது. கதவு சாத்தியபடியே இருந்தது. கேமராவை ட்ரைபாடோடு தூக்கிக்கொண்டு, சுவரை ஒட்டி ஒட்டி நடந்து கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தேன். சமையலறையில் அத்தான் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். டேப் சத்தம் சாதாரணமாகக் கேட்டது. நான் சட்டைப்பையிலிருந்து அக்காவின் கார்டை எடுத்துச் செருகினேன்.

முதல் படம் ஏறக்குறைய முழு இருட்டு. உருண்டையின் ஓரத்தில் ஜன்னல் மட்டும் ஒரு சின்ன வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. இப்படிப்பட்ட இருட்டிலிருந்து ஆளை மீட்கத்தான் நாங்கள் அந்த மென்பொருளையே எழுதினோம். திரையிலிருந்த அளவுகோலை இழுத்து வெளிச்சத்தை மெல்ல ஏற்றினேன். முதலில் அலமாரியின் விளிம்பு வந்தது. பிறகு ட்ரைபாடின் கால்கள். பிறகு அக்கா.

இரண்டு கையாலும் இரண்டு காதையும் பிடித்து இழுத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, நாக்கை முழுக்க வெளியே நீட்டிக்கொண்டு நின்றாள்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரிப்பு அழுகையாக மாறியது. திரையில் விரலை வைத்து அந்த நாக்கைத் தொட்டேன்.

இரண்டாவது படத்திலும் அதே சேட்டை.

மூன்றாவதில் ஒரு கை காதிலிருந்து இறங்கியிருந்தது. நாக்கு உள்ளே போயிருந்தது. பாதியில் சேட்டையை மாற்றுகிறாளாக்கும் என்று நினைத்தேன்.

நான்காவதில் அந்தக் கை மார்பில் இருந்தது.

அதற்கடுத்த படம் ஆடியிருந்தது. ட்ரைபாடைப் பிடித்திருக்கிறாள். முகம் தெரியவில்லை. குனிந்திருந்தாள்.

அடுத்ததில் கேமராவுக்குப் பின்னால் யாரும் இல்லை. உருண்டையின் அடியில், தரையில், நீளமாக ஏதோ கிடந்தது. வெளிச்சத்தை ஏற்றினேன். ஏற்றியிருக்கக் கூடாது. ஒரு கை கதவை நோக்கி நீண்டிருந்தது.

அதற்கடுத்ததை ஏற்றவே தேவையில்லை. அறை நன்றாகத் தெரிகிற அளவு வெளிச்சம் இருந்தது. அக்கா தரையில் கிடந்தாள். கை முன்பைவிடக் கதவுக்குப் பக்கத்தில் போயிருந்தது. அப்படியென்றால் நினைவு இருந்திருக்கிறது. வலி இருந்திருக்கிறது. கதவுவரை நகர்ந்திருக்கிறாள், யாரையாவது கூப்பிட. கேமரா பாட்டுக்கு டக், டக் என்று எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தத் தானியங்கி ஏற்பாட்டுக்கு நிரல் எழுதிக் கொடுத்தது நான். அக்கா, நான் உன்னைத் தனியாக விட்டுவிட்டேனே என்று சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

இன்னும் ஒரு படம் மிச்சம் இருந்தது.

மிக வெளிச்சமான படம். கடைசிப் படம்.

திறந்தேன்.

அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

அதே இடத்தில். இரண்டு கையாலும் காதை இழுத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, நாக்கை நீட்டிக்கொண்டு. கசங்காத உடை. கலையாத தலை. தரையில் யாரும் இல்லை.

படங்களின் வரிசையைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பெரிதாக்கினேன். முகத்தை, கையை, கண் இமையை. இத்தனை நேரம் ஷட்டர் திறந்திருந்த படத்தில் அக்கா எப்போதும் கலங்கியிருப்பாள். இதில் இமை முடிகூடத் தனித்தனியாக எண்ணுகிற மாதிரி விழுந்திருந்தது. மூச்சு விடுகிற யாரும் அப்படி நிற்க முடியாது.

ஆனாலும் அந்த இடத்தைவிட்டு ஓடத் தோன்றவில்லை. அவள் ஏன் எழுந்து நின்றாள் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. கேமராவைக் கையில் எடுக்கிறவர் பட்டனை அமுக்கினால் முதலில் வருவது கடைசிப் படம். அத்தான் அமுக்குவார் என்று அவளுக்குத் தெரியும். அந்த மனுஷர் ஒரு படத்துக்குமேல் பார்க்கிற பொறுமை உள்ளவர் இல்லை என்றும் தெரியும். கதவு வரைக்கும் போக அவள் உடம்பால் முடியவில்லை. அவருக்காக எழுந்து நிற்க மட்டும் எப்படியோ முடிந்திருக்கிறது.

"என்ன, பாத்தியா?" சமையலறையிலிருந்து அத்தான் கேட்டார்.

"பாத்துட்டிருக்கேன்," என்றேன். குரலைச் சரிசெய்துகொள்ள நேரம் வேண்டியிருந்தது. நான் பொய் சொல்லத் தெரியாதவள். நிரலில் பிழை இருந்தால் இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லித்தான் பழக்கம். அவருக்கு உண்மை தெரிய வேண்டாமா? அவர் மனைவி அவள். அவருக்கு உரிமை உண்டு. நடுப் படங்களைக் காட்டுவதா, மறைப்பதா என்று தடுமாறிக்கொண்டிருக்க, கை பாட்டுக்குக் கேமராவையும் லேப்டாப்பில் இணைத்து, இன்றைக்கு நான் எடுத்த வரிசையைத் திறந்தது.

முதல் படங்களில் அலமாரிக்கு முன்னால் வெறும் இருட்டு. ஏற்றிப் பார்த்தேன். வெறும் தரை. நடுப் படங்களிலும் வெறும் தரை.

கடைசிப் படத்தில் இருந்தாள்.

அலமாரியை ஒட்டி. ஊசி முனை மாதிரி துல்லியமாக. காதைப் பிடித்திருக்கவில்லை. நாக்கை நீட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. உருண்டையைப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் நின்றிருந்த என்னைப் பார்த்துத் தலையைத் திருப்பியிருந்தாள்.

ஒரு விரலை உதட்டின்மேல் வைத்திருந்தாள்.

சின்ன வயதில் நான் எதையாவது உடைத்துவிட்டு நிற்கும்போது அம்மாவுக்குத் தெரியாமல் அவள் எனக்குக் காட்டுகிற சைகை அது.

டேப் சத்தம் நின்றது. அத்தான் கையைத் துடைத்துக்கொண்டே என் பின்னால் வந்தார். நான் அவசரமாக அந்தப் படத்தை மூடி, அக்கா எடுத்த கடைசிப் படத்தை மட்டும் திரை முழுக்கப் பெரிதாக்கினேன்.

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு, இத்தனை வாரத்தில் முதல் தடவையாக, அவர் மூக்கு வழியாகச் சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"பாரேன் அவ லூட்டியை. இந்த வயசுல நாக்கை நீட்டறா."

"ஆமா அத்தான்."

"நல்லாத்தானே இருக்கா?"

"நல்லா இருக்கா."

"இது கடைசிதானே? இதுக்கு முந்தினதெல்லாம் எப்படி?"

எனக்கு மூக்கின் நுனி சில்லென்றது.

"எல்லாத்துலயும் இதே சேட்டைதான் அத்தான். அசையக் கூடாதுல்ல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. "வலிச்சிருக்காதுல்ல வாலு?"

"வலிக்கல அத்தான். ஒரு நொடிதான்."

சொல்லிவிட்டேன். அதைச் சொன்ன அந்த ஒரு நொடி எனக்கு எப்படி வலித்தது என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. சொல்லிக்கொள்ளலாம் என்றால் அக்காவிடம்தான் சொல்லலாம்.

"வழக்கம்போல இவளை அழிச்சிருவியா?" என்று கேட்டார் அவர் கொஞ்ச நேரம் கழித்து.

"அழிக்க முடியாது அத்தான். ரெண்டாவது வரிசை சரியா வரல. ஒட்டறதுக்குக் காலி இடம் இல்ல."

அவருக்கு அது புரியவில்லை. ஆனாலும் முகம் தெளிந்தது. "அப்போ எனக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் குடு. புது வீட்ல மாட்டிக்கறேன்."

சாயங்காலம் உருண்டையை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முன்னறைக் கதவைத் திறந்தே வைத்துவிட்டு வந்தோம். அக்காவின் கார்டை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. நடுப் படங்களை அழிக்கவும் இல்லை. யாராவது ஒருத்தர் அவற்றைச் சுமக்க வேண்டும், அது நானாகவே இருக்கட்டும். முன்னறையின் வெளிச்சம் இல்லாமலே அடுத்த பதிப்பை வெளியிட்டேன்.

அத்தான் புது வீட்டில் படத்தை மாட்டிவிட்டார். இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறாராம். போனில் சொன்னார். பேச்சின் நடுவில், தினமும் காலையில் பார்த்தால் அந்தப் படத்துக்குப் போட்ட கண்ணாடியில் ஒரு துளித் தூசு இருப்பதில்லை என்றும் சாதாரணமாகச் சொன்னார். நான் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை.

போன வாரம் எங்கள் மென்பொருளுக்கு ஒரு பிழை அறிக்கை வந்தது. எழுதியவர் யாரோ, எந்த நாடோ. மேசை நாற்காலி வரைகிறவராம். நாங்கள் கொடுத்த பழைய நூலக வெளிச்சத்தில் ஒரு நாற்காலியை வைத்துப் பார்த்தாராம். நாற்காலிமேல், பக்கத்தில் ஆள் நிற்கிற மாதிரி ஒரு நிழல் விழுகிறது, இத்தனை வருடம் இப்படி இல்லை, கோப்பு கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தார்.

நூலகத்தைத் திறந்தேன். என் கையால் அலமாரியை வெட்டி ஒட்டி, ஒட்டு தெரியாமல் தேய்த்துச் சரிசெய்த இடம். மூலப் படங்கள் எங்குமே கிடையாது.

அங்கே தலைமேல் தடிப்புத்தகத்தைச் சுமந்துகொண்டு அக்கா நின்றாள். இமை முடி தெரிகிற துல்லியத்தில்.

கார் நிறுத்துமிடத்தைத் திறந்தேன். புஜம் காட்டிக்கொண்டு நின்றாள். மாடிப்படியில் ஒற்றைக் காலில் நின்றாள். நான் எங்கெங்கே அவளை அழித்தேனோ அங்கெல்லாம் திரும்பி வந்து, அதே சேட்டையோடு, அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பழையபடி தனியாகச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது சட்டை நனைந்திருந்தது. அறையில் ஸ்பிரிட் வாசனை அடித்தது.

வெட்டுகிற கருவியும் ஒட்டுகிற கருவியும் திரையின் ஓரத்தில்தான் இருந்தன. அவற்றைத் தொடவில்லை. பிழை அறிக்கையைத் திறந்து, அந்த முகம் தெரியாத மனிதருக்குப் பதில் எழுதி, அறிக்கையை மூடினேன்.

"இது பிழை இல்லை. படம் எடுத்தவர் அங்கே நிற்கிறார்."